அலுவலகக் கணினிகளின் பாதுகாப்பு அமைப்புகளை எந்த மென்பொருளும் கலைக்காதபடி பூட்டுவது எப்படி?

ஃபயர்வாலை ஒழுங்காக அமைத்து, வைரஸ் தடுப்பையும் இயக்கிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பீர்கள். சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தால் ஃபயர்வாலில் பெயர் புரியாத விதிகள் வரிசையாக நிற்கும். வைரஸ் தடுப்பு சோதிக்காமல் விட்டுவிடும் விலக்குப் பட்டியலில் டி டிரைவ் முழுவதும் ஏறியிருக்கும். பிரௌசரில் யாரும் கேட்காத எக்ஸ்டென்ஷன் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து எவரும் புகுந்து செய்த வேலை அல்ல இது. பாதியை நீங்கள் நிறுவிய மென்பொருள்களே செய்துகொண்டன. மீதியை, "ஐந்து நிமிடம் ரிமோட்டில் வருகிறேன் சார்" என்று வந்த சர்வீஸ்காரர் செய்துவிட்டுப் போனார்.

நான் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும் என்ற ஒரே தகுதியில் அங்கிருக்கும் கணினிகள் எல்லாம் என் பொறுப்பில் வந்து விழுந்தன. தேடிக் கிடைத்த வழிகாட்டிகள் எல்லாம் தனி சர்வரும் டொமைனும் (எல்லாக் கணினிகளையும் அந்த சர்வரிலிருந்தே ஆளும் ஏற்பாடு) வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கானவை. டொமைன் இல்லாமல், ஐந்திலிருந்து முப்பது கணினிகளோடு நடக்கும் அலுவலகத்துக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை முட்டி மோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். உங்கள் கணினிகள் ஏற்கெனவே டொமைனில் இருந்தால் இங்கே சொல்வதை டொமைன் பாலிசியில் செய்யுங்கள். இரண்டும் மோதினால் டொமைன் பாலிசிதான் வெல்லும், லோக்கல் பாலிசி தோற்கும்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஓர் அமைப்பை இரண்டு இடங்களில் வைக்கலாம். செட்டிங்ஸ் சாளரத்தில் நாம் மாற்றுவது விருப்பம் மட்டுமே. அதைப் பயனரும் மாற்றலாம், அவர் பெயரில் ஓடும் மென்பொருளும் மாற்றலாம். குரூப் பாலிசி என்ற நிர்வாகிக் கட்டளைகள் வழியாக வைப்பது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ் என்ற தனிப் பகுதியில் போய் உட்காரும். அங்கே எழுதும் உரிமை சாதாரணப் பயனருக்கு இல்லை. ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் முதலில் அந்தப் பகுதியைத்தான் பார்க்கும், அங்கே ஒரு கட்டளை இருந்தால் விருப்பத்தைக் கண்டுகொள்ளாது. ஆனால் நிர்வாகி உரிமையோடு ஓடும் எதுவும் அந்தப் பகுதியையும் மாற்றிவிடும். ஆகவே பாலிசி மட்டும் போதாது. நிர்வாகி உரிமையைப் பறிக்காமல் பாலிசி வைப்பது, பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது மாதிரிதான்.

1. தொடங்கும் முன்: பதிப்பு, செலவு, ஆவணங்கள்

ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸ் பதிப்பைப் பாருங்கள். ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது, புரோ பதிப்பு வேண்டும். கடையில் லேப்டாப் வாங்கும்போது பெரும்பாலும் ஹோம்தான் வரும். அதைப் புரோவாக மாற்ற, செட்டிங்ஸில் சிஸ்டம், அதன் கீழ் ஆக்டிவேஷன் என்று போனால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகவே வாங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை 99 டாலர். இங்கே அன்றைய விலையை ஸ்டோரே ரூபாயில் காட்டும். கோப்புகள் அழியாது, மறுபடி நிறுவவும் வேண்டாம், ஒரு ரீஸ்டார்ட்டோடு முடியும். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கும் "வாழ்நாள் கீ"யை வாங்காதீர்கள். இன்றைக்கு ஆக்டிவேட் ஆகும், நாளைக்கு முடக்கப்படலாம், கையில் பில்லும் இருக்காது. விண்டோஸ் 10 இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளுக்கு இந்தச் செலவைச் செய்வதில் பொருளில்லை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

செலவு என்று சொன்னால் ஏறக்குறைய இவ்வளவுதான். கீழே வரும் கருவிகள், டெம்ப்ளேட்டுகள் எல்லாம் இலவசம்.

இப்போது காகித வேலை. சலிப்பாக இருந்தாலும் தவிர்க்காதீர்கள், பின்னால் வரும் தகராறுகளில் பாதியை இதுதான் தடுக்கும்.

மென்பொருள் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். ஒவ்வொரு மென்பொருளின் பெயர், எந்தக் கோப்புறையில் நிறுவப்பட்டிருக்கிறது, அதன் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, சர்வீஸ் தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்கட்டும். கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்க, அந்தக் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற தாவல் இருக்கும். தாவலே இல்லையென்றால் கையொப்பம் இல்லை.

டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை அச்சிட்டு வையுங்கள். அதே கணினியில் சேமித்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. பிட்லாக்கர் இல்லாத கணினி என்றால் இந்த வேலையோடு சேர்த்தே இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பென்டிரைவிலிருந்து பூட் செய்து நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, நீங்கள் செய்த அத்தனையையும் ஒருவர் கலைத்துவிடலாம். பயாஸுக்கும் ஒரு கடவுச்சொல் வையுங்கள்.

மிக முக்கியமான காகிதம், அலுவலகத் தலைவரின் கையெழுத்துப் போட்ட ஒரு பக்க ஒப்புதல். "எல்லாக் கணினிகளிலும் நிர்வாகி உரிமை நீக்கப்படும், என்னுடையது உட்பட" என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். விலக்குக் கேட்கும் முதல் ஆள் யார் என்பது அலுவலகத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனம் என்றால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி வெளியிட்ட உத்தரவையும் படித்துவிடுங்கள். குறிப்பிட்ட வகைப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. விண்டோஸின் ஈவென்ட் பதிவுகளுக்கு இயல்பாக ஒதுக்கப்படும் அளவு சிறியது, நிரம்பியதும் பழையதை அழித்துக்கொள்ளும். ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு பதிவின் அளவையும் இப்போதே கூட்டிவிடுங்கள்.

2. நிர்வாகி உரிமையை நீக்குங்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்வதானால் நேரம்தான் வீண்.

ஒவ்வொரு கணினியிலும் முதலில் புதிதாக ஒரு நிர்வாகி கணக்கை உருவாக்குங்கள். அதில் உள்ளே நுழைந்து, அது உண்மையிலேயே நிர்வாகிதானா என்று பாருங்கள். அதன் பிறகே ஊழியர் தினமும் பயன்படுத்தும் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யாதீர்கள். ஊழியரின் கோப்புகள், டெஸ்க்டாப் எல்லாம் அப்படியே இருக்கும். மாறுவது உரிமை மட்டும்தான்.

நிர்வாகி கடவுச்சொல் கணினிக்குக் கணினி வேறாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் ஒன்று போனால் எல்லாம் போகும். எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தலைவரின் அலமாரியில் வையுங்கள். கடவுச்சொல்லைத் தானாக மாற்றித்தரும் லாப்ஸ் என்ற வசதி விண்டோஸிலேயே இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அதற்கு டொமைனோ மைக்ரோசாஃப்ட்டின் என்ட்ரா என்ற இணையவழிக் கணக்குச் சேவையோ வேண்டும், நம்மைப் போன்ற அலுவலகத்துக்கு ஆகாது.

"நிர்வாகியாக இயக்கினால்தான் ஓடும்" என்று அடம்பிடிக்கும் மென்பொருள்கள் இந்தக் கட்டத்தில்தான் தலைகாட்டும். பழைய கணக்கு மென்பொருள்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கான சின்னச் சின்ன நிரல்கள், ஸ்கேனரோடு வரும் மென்பொருள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. உடனே சரணடைந்து உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பல சமயம் அந்த மென்பொருள் கேட்பது ஒரே ஒரு கோப்புறையில் எழுதும் உரிமைதான். எந்தக் கோப்புறை என்று கண்டுபிடிக்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, "ஆக்சஸ் டினைட்" என்று வரும் வரிகளைப் பாருங்கள். அந்தத் தரவுக் கோப்புறையை டி டிரைவுக்கு மாற்றி, அங்கே மட்டும் எழுதும் உரிமை கொடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதும் உரிமையைத் திறந்துவிட வேண்டாம். ஏன் என்பது 6-ஆம் படியில் தெரியும்.

3. குரூப் பாலிசியில் வைக்க வேண்டியவை

நிர்வாகி கணக்கில் நுழைந்து, தேடுபெட்டியில் குரூப் பாலிசி என்று தட்டினால் "எடிட் குரூப் பாலிசி" வரும். உள்ளே நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கும். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியவை சிலதான்.

ஒவ்வொரு பாலிசியிலும் மூன்று நிலைகள் உண்டு: நாட் கான்ஃபிகர்டு, எனேபிள்டு, டிசேபிள்டு. புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. "நாட் கான்ஃபிகர்டு" என்றால் பாலிசி எதுவும் சொல்லவில்லை, பயனரும் மென்பொருளும் இஷ்டம்போல் செய்யலாம் என்று பொருள். "டிசேபிள்டு" என்பதும் ஒரு கட்டளைதான். பல பாலிசிகளின் பெயரே எதிர்மறையாக இருக்கும். "மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை அணை" என்ற பாலிசியை டிசேபிள் செய்தால்தான் டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு) அணையாமல் இருக்கும். ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் இருக்கும் விளக்கத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு பட்டனைத் தொடுங்கள்.

டிஃபெண்டரிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸ் செக்யூரிட்டி சாளரத்தில் டேம்பர் புரொடெக்ஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் நிகழ்நேரப் பாதுகாப்பு போன்றவற்றை வேறு மென்பொருள் அணைக்க முடியாது. குரூப் பாலிசியால்கூட முடியாது. ஆனால் விலக்குப் பட்டியலில் ஒரு கோப்புறையைச் சேர்ப்பதை அது தடுக்காது. நான் முதலில் சொன்ன டி டிரைவ் கதை நடப்பது இந்த இடைவெளியில்தான். அதை அடைக்க, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனன்ட்ஸ், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் என்று போய், "கான்ஃபிகர் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் மெர்ஜ் பிஹேவியர் ஃபார் லிஸ்ட்ஸ்" என்பதை டிசேபிள் செய்யுங்கள். அதன்பின் பாலிசியில் நீங்கள் எழுதிய விலக்குகள் மட்டுமே செல்லும். கணினியில் யார் எதைச் சேர்த்தாலும் டிஃபெண்டர் மதிக்காது. அதே பகுதியில் "லோக்கல் செட்டிங் ஓவர்ரைடு" என்ற சொற்களோடு சில பாலிசிகள் இருக்கும். அவற்றில் எதையும் எனேபிள் செய்யாதீர்கள். பாலிசியைக் கணினியின் சொந்த அமைப்பு மீறலாம் என்று அனுமதி கொடுப்பதுதான் அவற்றின் வேலை. வேறு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்றால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும், இந்தப் பத்தி உங்களுக்கு உதவாது. அந்த மென்பொருளில் அமைப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டும் வசதியைத் தேடுங்கள்.

அடுத்து, நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி. விண்டோஸ் செட்டிங்ஸ், செக்யூரிட்டி செட்டிங்ஸ், லோக்கல் பாலிசீஸ், செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் என்று போனால் யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல் என்று தொடங்கும் வரிகள் இருக்கும். சாதாரணப் பயனருக்கான வரியில் "தானாக மறு" என்ற பொருளில் ஒரு தேர்வு உண்டு. நான் அதையே பரிந்துரைப்பேன். கடவுச்சொல் கேட்கும் பெட்டியை விட்டுவைத்தால், ஒரு நாள் அவசரத்தில் ஊழியர் பக்கத்தில் நிற்கும்போதே நீங்கள் அதைத் தட்டுவீர்கள். அன்றோடு அது ரகசியம் இல்லை. மறுத்துவிட்டால், எதையாவது நிறுவ நீங்கள் நிர்வாகி கணக்கில் தனியாக நுழைய வேண்டியிருக்கும். கொஞ்சம் தொல்லைதான்.

ஃபயர்வால். செக்யூரிட்டி செட்டிங்ஸின் கீழ் இருக்கும் விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் பகுதியில் பிராப்பர்ட்டீஸ் திறந்து, ஒவ்வொரு புரொஃபைலிலும் (டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று நெட்வொர்க் வகைக்கு ஒன்று) செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தினால் "ரூல் மெர்ஜிங்" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் லோக்கல் ஃபயர்வால் விதிகளை ஏற்பதற்கு "நோ" கொடுத்தால், மென்பொருள்கள் நிறுவப்படும்போது தாமாகச் சேர்த்துக்கொள்ளும் விதிகள் எல்லாம் செல்லாமல் போகும். ஆனால் விண்டோஸோடு வந்த இயல்பு விதிகளும் சேர்ந்தே செல்லாமல் போகும். கோப்புப் பகிர்வு, பிரின்டர் பகிர்வு, நெட்வொர்க் முகவரி பெறும் விதி உட்பட. ஆகவே "நோ" கொடுக்கும் முன் அதே பகுதியில் புதிய விதி, பிரீடிஃபைன்டு என்று போய் கோர் நெட்வொர்க்கிங், ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் பாலிசியில் சேருங்கள். கணக்கு மென்பொருள் பல கணினிகளில் ஒரே தரவைப் பகிர்ந்தால், அதன் போர்ட் எண்ணை (நெட்வொர்க்கில் அது பயன்படுத்தும் வாசலின் எண்) தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, பிரதானக் கணினியில் ஒரு விதி எழுதுங்கள். பப்ளிக் புரொஃபைலுக்குக் கோர் நெட்வொர்க்கிங் தவிர வேறு விதி எதுவும் வேண்டாம்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று. விண்டோஸ் பின்னணியில் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக, பாலிசியைப் புதுப்பிக்கும். ஆனால் பாலிசியில் மாற்றம் இருந்தால்தான் மறுபடி எழுதும். நிர்வாகியாக ஓடிய ஓர் இன்ஸ்டாலர் ரெஜிஸ்ட்ரி மதிப்பைக் கலைத்துவிட்டுப் போனால், பாலிசி மாறவில்லையே என்று விண்டோஸ் சும்மா இருந்துவிடும். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், குரூப் பாலிசி என்று போய் "கான்ஃபிகர் ரெஜிஸ்ட்ரி பாலிசி பிராசஸிங்" என்பதை எனேபிள் செய்து, பாலிசி மாறாவிட்டாலும் செயல்படுத்து என்ற பொருளில் உள்ள பெட்டியில் டிக் செய்யுங்கள். கலைந்தது அடுத்த சுற்றில் திரும்ப வந்துவிடும்.

4. பிரௌசர்கள்

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுக்கும் அவற்றின் நிறுவனங்களே பாலிசி டெம்ப்ளேட்டுகளை இலவசமாகத் தருகின்றன. இறக்கி, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் பாலிசி டெஃபினிஷன்ஸ் கோப்புறையில் போட்டால் குரூப் பாலிசி எடிட்டரில் புதிய கிளைகள் தோன்றும். மொழிக் கோப்புகளை அதனுள் இருக்கும் மொழிக் கோப்புறையில் போட மறந்தால் எடிட்டர் பிழை காட்டும்.

குரோமுக்கும் எட்ஜுக்கும் இரண்டிரண்டு கிளைகள் வரும். ஒன்று வெறும் பெயரோடு, மற்றொன்று "டிஃபால்ட் செட்டிங்ஸ்" என்ற சொற்களோடும் பயனர் மாற்றிக்கொள்ளலாம் என்ற குறிப்போடும். இரண்டாவதில் நீங்கள் எதை வைத்தாலும் அது பரிந்துரை மட்டுமே. அதில் மணிக்கணக்கில் உழைத்துவிட்டு, பாலிசி வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் கிளையில் மட்டும் வேலை செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன்களை முதலில் கவனியுங்கள். தடைப் பட்டியலில் நட்சத்திரக் குறி ஒன்றை மட்டும் இட்டால் எல்லாமே தடைபடும். பிறகு வேண்டியவற்றின் 32 எழுத்து அடையாளத்தை அனுமதிப் பட்டியலில் சேருங்கள். டிஜிட்டல் கையொப்பத்துக்காகத் தேவைப்படும் எக்ஸ்டென்ஷனை மறந்துவிடாதீர்கள். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று பிரௌசர் தரும் எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வசதியையும் அணையுங்கள். அணைத்ததும் ரவுட்டரின் அமைப்புப் பக்கமும் சில பிரின்டர்களின் பக்கமும் திறக்காது. அவற்றின் முகவரிகளுக்கு மட்டும் விலக்குத் தர தனிப் பாலிசி இருக்கிறது.

சரிபார்க்க, முகவரிப் பட்டையில் குரோம் என்று தட்டி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடும் இட்டு, பாலிசி என்று தட்டுங்கள். எட்ஜிலும் இதே முறைதான், ஃபயர்ஃபாக்ஸில் அபவுட் என்று தட்டி முக்காற்புள்ளி இட்டுப் பாலிசீஸ். முகப்புப் பக்கம் போன்ற சில பாலிசிகளை டொமைனில் சேராத விண்டோஸ் கணினியில் குரோம் ஏற்காது. அப்படி ஒதுக்கப்பட்டதை அந்தப் பக்கமே காட்டிவிடும்.

ஆஃபீஸ் மேக்ரோக்களையும் (கோப்புக்குள்ளேயே இருந்து ஓடும் சிறு நிரல்கள்) இதே வழியில் பூட்டலாம் என்று நினைப்பீர்கள். உங்கள் சந்தாவின் பெயரை முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 ஆப்ஸ் ஃபார் பிசினஸ் என்றால் பெரும்பாலான குரூப் பாலிசிகளை அது மதிக்காது, எண்டர்பிரைஸ் வகைதான் மதிக்கும். இதற்காக மட்டும் விலை கூடிய சந்தாவுக்கு மாற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

5. பழைய டிஎல்எஸ்

இணைய இணைப்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 பதிப்புகள் காலாவதியானவை. விண்டோஸில் இவற்றை அணைக்க ரெஜிஸ்ட்ரியில் எஸ்-சேனல் பகுதியில் இரண்டு மதிப்புகள் உண்டு. ஒன்று "டிசேபிள்டு பை டிஃபால்ட்", மற்றொன்று "எனேபிள்டு". முதலாவதை மட்டும் 1 என்று வைத்தால், வெளிப்படையாகக் கேட்கும் மென்பொருளுக்கு விண்டோஸ் பழைய பதிப்பைக் கொடுத்துவிடும். "எனேபிள்டு" மதிப்பை 0 என்று வைத்தால் யார் கேட்டாலும் கிடைக்காது. நமக்கு வேண்டியது இரண்டாவது. கிளையன்ட், சர்வர் என்ற இரண்டு உட்பிரிவுகளிலும் வைத்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸின் டிஎல்எஸ்ஸைப் பயன்படுத்தும் மென்பொருள்களையே இது கட்டுப்படுத்தும். ஜாவாவில் எழுதியவையும் ஃபயர்ஃபாக்ஸும் தங்கள் சொந்த நூலகத்தை வைத்திருப்பதால் அவற்றுக்கு இது தெரியவே தெரியாது. அவற்றை அவற்றின் அமைப்பில்தான் பூட்ட வேண்டும்.

6. ஆப்லாக்கர்: அனுமதித்தவை மட்டும் ஓடட்டும்

பயனரின் சொந்தக் கோப்புறையிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ ஓடும் நிரலுக்கு நிர்வாகி உரிமை தேவையே இல்லை. ஆப்லாக்கர் அதைத் தடுக்கிறது. முன்பு இது எண்டர்பிரைஸ் பதிப்புக்கே உரியது என்பார்கள். விண்டோஸ் 11-லும் புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் 10-லும் அந்தத் தடை நீக்கப்பட்டுவிட்டது.

செக்யூரிட்டி செட்டிங்ஸ், அப்ளிகேஷன் கன்ட்ரோல் பாலிசீஸ், ஆப்லாக்கர் என்று போங்கள். எக்ஸிக்யூட்டபிள், இன்ஸ்டாலர், ஸ்கிரிப்ட், பேக்கேஜ்டு ஆப் என்ற நான்கு பிரிவுகளிலும் வலது கிளிக் செய்து இயல்பு விதிகளை உருவாக்குங்கள். நான்கிலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பேக்கேஜ்டு ஆப் பிரிவை வெறுமையாக விட்டுவிட்டு முதல் பிரிவை அமலாக்கினால் ஸ்டோர் வழியாக வந்த செயலிகள் எல்லாம் நின்றுபோகும், விண்டோஸின் சொந்த உறுப்புகள் சில உட்பட.

எக்ஸிக்யூட்டபிள் பிரிவின் இயல்பு விதிகள் எளிமையானவை. புரோகிராம் ஃபைல்ஸிலும் விண்டோஸ் கோப்புறையிலும் இருப்பவை எல்லோருக்கும் ஓடும், நிர்வாகிக்கு எல்லாம் ஓடும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதும் உரிமை தராதீர்கள் என்று முன்பு சொன்னதன் காரணம் இதுதான். அங்கே யாரும் எழுதலாம் என்றால் எதையும் அங்கே போட்டு ஓட்டலாம்.

சி டிரைவின் வேரிலேயே தன் கோப்புறையை உண்டாக்கிக்கொள்ளும் உள்ளூர் மென்பொருள்கள் நிறைய. இயல்பு விதிகளின்படி அவை ஓடாது. உங்கள் பட்டியலை எடுங்கள். கையொப்பம் உள்ளதென்றால் கையொப்பமிட்டவரின் பெயரைப் பார்க்கும் பதிப்பாளர் விதி எழுதுங்கள், அப்டேட் வந்தாலும் நிலைக்கும். இல்லாதவற்றுக்கு ஹாஷ் விதி, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளத்தைப் பார்க்கும் விதி. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். கோப்புறை விதி கடைசிப் புகலிடம்தான், அதுவும் அந்தக் கோப்புறையில் பயனரின் எழுதும் உரிமையை நீக்கிய பிறகு.

விதி எழுதும்போது பயனராக எவ்ரிஒன் அல்லது அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவையே தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட ஊழியரின் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் அந்த விதி வேறு கணினியில் வேலை செய்யாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கணக்கின் உள் அடையாள எண் கணினிக்குக் கணினி வேறு.

உடனே அமலாக்காதீர்கள். முதலில் "ஆடிட் ஒன்லி". இந்த நிலையில் எதுவும் தடைபடாது, தடைபட்டிருக்கக்கூடியவை ஈவென்ட் வியூவரில் ஆப்லாக்கர் பதிவில் 8003 என்ற எண்ணோடு (இன்ஸ்டாலர், ஸ்கிரிப்ட் என்றால் 8006) வரும். எத்தனை நாள் விடுவது? ஒரு வாரம் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வரி அலுவலகத்துக்குப் போதாது. மாத ஜிஎஸ்டி படிவங்களில் ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கடைசி நாள் மாதத்தின் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி. டோக்கன் மென்பொருளை அந்த நாட்களை ஒட்டித்தான் திறப்பார்கள். ஆகவே ஒரு முழு மாதச் சுழற்சியாவது ஆடிட்டில் ஓடட்டும். அமலுக்கு மாற்ற 21-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் மென்பொருள்களை ஆடிட் பிடிக்காது, அவற்றைப் பட்டியலைப் பார்த்துக் கையால் திறந்து சோதியுங்கள்.

எல்லாம் செய்தும் ஆப்லாக்கர் அசையவில்லையா? அப்ளிகேஷன் ஐடென்டிட்டி என்ற சேவை ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடாவிட்டால் விதிகள் வெறும் எழுத்துதான். சர்வீசஸ் சாளரத்தில் அதன் தொடக்க நிலையை ஆட்டோமேட்டிக் ஆக்க முயன்றால் விண்டோஸ் மறுக்கும். நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில், சேவைகளை மாற்றும் எஸ்சி கட்டளையால் ஆக்க வேண்டும்.

7. மற்ற கணினிகளுக்குக் கொண்டுபோவது

இதுவரை செய்தது ஒரே ஒரு கணினியில். அதை முடிக்க அரை நாளாவது ஒதுக்குங்கள், தொடங்கும் முன் முழு பேக்கப்பும் எடுத்துவிடுங்கள். மற்றவற்றில் மறுபடி கிளிக் செய்துகொண்டிருக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் செக்யூரிட்டி கம்ப்ளையன்ஸ் டூல்கிட் என்ற இலவசத் தொகுப்பில் எல்ஜிபிஓ என்ற சிறு நிரல் இருக்கிறது. முதல் கணினியின் லோக்கல் பாலிசியை ஒரு கோப்புறையில் சேமித்து, அடுத்த கணினியில் ஏற்றிவிடும். டிஃபெண்டர், ஃபயர்வால், பிரௌசர், ஆப்லாக்கர் எல்லாம் அதில் போய்விடும். பிரௌசர் டெம்ப்ளேட்டுகளை மற்ற கணினிகளில் போட வேண்டியதில்லை. அவை எடிட்டரில் காட்டுவதற்கு மட்டும்தான்.

போகாதவற்றில் முக்கியமானவை இரண்டு. 5-ஆம் படியின் டிஎல்எஸ் மதிப்புகள் பாலிசிப் பகுதியில் இல்லாததால் ரெஜிஸ்ட்ரியிலிருந்து தனியாக ஏற்றுமதி செய்து கொண்டுபோக வேண்டும். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சேவையையும் ஒவ்வொரு கணினியிலும் இயக்க வேண்டும்.

அதே தொகுப்பில் மைக்ரோசாஃப்ட்டின் ஆயத்த பாதுகாப்பு அமைப்புகளும் கிடைக்கும். ஆர்வத்தில் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் டொமைனில் சேராத கணினிக்கான தேர்வையே எடுங்கள். அதுவும் பழைய ஸ்கேனரையும் கோப்புப் பகிர்வையும் நிறுத்தக்கூடும். படித்துப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொள்வதுதான் சிறிய அலுவலகத்துக்குச் சரி.

8. சோதனை

பாலிசியை உடனே புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் சேர்த்து ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஜிபிரிசல்ட் கட்டளை எந்தெந்தப் பாலிசி அமலில் இருக்கிறது என்று ஓர் அறிக்கை தரும். நிர்வாகியாக ஓட்டாவிட்டால் கணினிக்கான பகுதி அதில் வராது. அறிக்கையைத் தேதி போட்டுச் சேமியுங்கள்.

பிறகு எதிராளியாக மாறுங்கள். ஊழியர் கணக்கில் நுழைந்து ஒரு நிரலைப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள், ஆப்லாக்கர் தடுத்ததைக் காட்டும் 8004 பதிவு வர வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒன்றை நிறுவிப் பாருங்கள். நிர்வாகி கணக்கில் நுழைந்து ஒரு வெற்றுக் கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்த்து, பாதிப்பில்லாத ஐகார் சோதனைக் கோப்பை அதில் போட்டுப் பாருங்கள். டிஃபெண்டர் பிடித்தால் 3-ஆம் படி சரி.

9. சர்வீஸ்காரர் அழைக்கும்போது

அடுத்த மாதமே அழைப்பு வரும். ஃபயர்வாலை அணைக்கச் சொல்வார்கள், டிஃபெண்டரை நிறுத்தச் சொல்வார்கள், ஸ்கேனருக்காக எஸ்எம்பி 1-ஐ இயக்கச் சொல்வார்கள். இந்த எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை, புதிதாக நிறுவப்படும் விண்டோஸில் பல ஆண்டுகளாகவே சேர்க்கப்படுவதில்லை. ஸ்கேனரில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா, மின்னஞ்சலுக்கு அனுப்பும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த ஸ்கேனருக்கு வயதாகிவிட்டது.

நிர்வாகி கணக்கை ரிமோட்டில் யாருக்கும் திறந்துவிடாதீர்கள். நான்கே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: எந்தக் கோப்பு, எந்தக் கோப்புறை, எந்தப் போர்ட், எந்தத் திசையில். பதில் வந்தால் அதற்கு மட்டும் பாலிசியில் ஒரு விதி எழுதி, தேதியையும் காரணத்தையும் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். பதில் வராத கோரிக்கையைச் செய்ய வேண்டியதில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது, நிர்வாகி உரிமை இல்லாமல் இயங்க வேண்டும் என்பதையும், இந்த நான்கு விவரங்களைக் கேட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.